காற்றில் பிரித்த இலவம் பஞ்சு

பினாங்கு,
12 ஆகஸ்டு 1934

என் அன்புள்ள ஜமீலா ஆபாவுக்கு, தம்பி ஷரீஃப் ஸலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் நான் சுகம். மயிலாப்பூரில் நீயும் பாவாவும் சுகமா என்று முதலில் ஒரு வரி போடு. மற்ற ஊர்வம்பெல்லாம் அதற்குப் பிறகு எழுது.

இங்கே மூன்று வருஷமாக மோட்டார் கார்களுக்கு ஸீட்டு தைத்துக்கொண்டிருக்கிறேன். பாவாவின் மெத்தைக் கடையில் மகனாகப் பிறந்தவனுக்கு இது பெரிய வித்தையில்லை. படுக்கிற மெத்தைக்குப் பதில் உட்காருகிற மெத்தை, அவ்வளவுதான். போன வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வரும்போது பட்டறை முதலாளி குலாம் முகம்மது சாயபு என் தோளில் கை போட்டார். "இனிமேல் நீ கூலிக்கு வேலை செய்யாதே ஷரீஃப், எனக்குக் கூட்டாளியாக இரு" என்றார். அதோடு தன் தங்கை மகள் ஷகீலாவைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொன்னார். ஒப்புக்கொண்டால் இதுதான் என் ஊர். அப்புறம் மயிலாப்பூருக்கு விருந்தாளியாகத்தான் வரமுடியும்.

பாவாவோ, மாம்பலம் ஏரியைத் தூர்த்த இடத்தில் வீடு மேல் வீடாக எழும்புகிறது, அங்கே ஒரு கடை போடவேண்டும், நீ வந்தால்தான் நடக்கும் என்று கடிதம்தோறும் எழுதுகிறார். எனக்குத் தலை சுற்றுகிறது. ஆகவே ஆபா, எனக்காக நீ இஸ்திகாரா செய். இரண்டு ரக்அத் தொழுது, "இவனுக்கு எது நல்லது, காட்டு" என்று கேட்டுவிட்டுப் படுத்துக்கொள். நான்தான் செய்யவேண்டும், தெரியும். ஆனால் நம் குடும்பத்தில் கனவு என்றாலே நீதானே! பக்ரீத் ஆடு காணாமல் போனபோது, சாந்தோம் சர்ச்சு மதிலுக்குப் பின்னால் நிற்கிறது என்று பத்து வயதில் கனவு கண்டு சொன்னாய். அன்றிலிருந்து கல்யாணமா, கப்பலா, நம் கச்சேரி ரோடே உன் தூக்கத்தை நம்பித்தான் நடக்கிறது.

ரம்ஜானுக்கு முன் முதலாளிக்குப் பதில் சொல்லவேண்டும். பாவாவின் கையை என் கண்ணில் ஒற்றிக்கொண்டதாகச் சொல்.

உன் ஷரீஃப்


மயிலாப்பூர்,
2 செப்டம்பர் 1934

அருமைத் தம்பி ஷரீஃபுக்கு உன் ஆபா ஜமீலுன்னிசாவின் துஆ. நீ கேட்ட ஒரு வரி: நாங்கள் சுகம். பாவாவுக்குக் கொஞ்சம் இருமல். பஞ்சுக்காரன் வீட்டில் இருமல் இல்லாவிட்டால்தானே அதிசயம்?

உன் மாம்பலத்தைப் பற்றிச் சொல்கிறேன், கேள். அதை இப்போது தியாகராய நகர் என்கிறார்கள். முருகையன் வண்டியில் வாரம் இரண்டு முறை போகிறேன். அங்கே கட்டிலுக்கு அளவெடுத்து வந்து, இங்கே தைத்து, மறுபடி கொண்டுபோய்ப் போட வேண்டும். ஐந்தடிக் கட்டில் மெத்தை இரண்டை ஏற்றினால் முருகையன் வாய் சும்மா இருக்காது. "இன்னா பாயம்மா இது, மெத்தையா ரயில் பொட்டியா? என் மாடு பாத்துட்டுப் பெருமூச்சு உடுது பாரு" என்பான். மாட்டைவிட அவன்தான் அதிகம் பெருமூச்சு விடுகிறான்.

ஜானு மாமி என்று ஒருத்தி, புது வீட்டுக்காரி. பாவா வருவார் என்று எதிர்பார்த்தாளாம். என்னைப் பார்த்ததும், "அப்பாடா, பொம்மனாட்டியா வந்தயே! எங்காத்துல யார் யார் எந்த ரூம்ல படுத்துக்கறான்னு ஒரு ஆம்பளைகிட்ட எப்படிடிம்மா சொல்றது?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "இங்க வந்ததுலேர்ந்து தூக்கமே இல்லை. கண்ணை மூடினா தரைக்குக் கீழே தண்ணி அலம்பறாப்ல இருக்கு" என்றாள். அவள் சொன்னதிலிருந்து எனக்கும் அந்தத் தெருக்களில் போகும்போது அப்படித்தான் இருக்கிறது. ஏரி எங்கும் போகவில்லை, வீடுகளெல்லாம் ஏரியின் அடியில் இறங்கி நிற்கின்றன, நாங்கள் மெத்தையோடு மிதந்து போகிறோம் என்று தோன்றும். மழை பெய்தால் தவளைகள் பழைய பட்டாவோடு வந்து கூடத்தில் உட்கார்ந்துகொள்கின்றன. மாமிக்கு மெத்தையை ஒரு சாண் உயரம் கூட்டித் தைத்துக் கொடுத்தேன். இப்போது தூங்குகிறாளாம்.

உனக்காக மூன்று முறை தொழுதுவிட்டுப் படுத்தேன். ஒன்றும் தெரியவில்லை. அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள், எண்ணெய் தேய்த்துக் குளி.

உன் ஆபா


பினாங்கு,
20 செப்டம்பர் 1934

அன்புள்ள ஆபாவுக்கு ஸலாம். நான் சுகம். கப்பல் புறப்படுவதற்குள் தபாலில் சேர்க்கவேண்டும், ஆகவே அவசரமாக எழுதுகிறேன்.

நீ ஏன் அளவெடுக்கப் போகிறாய்? பாவா எங்கே? கொஞ்சம் இருமல் என்றால் எவ்வளவு? வில் போட்டுப் பஞ்சு அடிப்பது யார்?

உன் புருஷன் மௌத்தாகி நீ நம் வீட்டுக்குத் திரும்பி ஏழு வருஷமாகிறது. இதற்குமேல் வெயிலில் மாட்டுவண்டியில் போக உனக்கு என்ன தலையெழுத்து? நான் வந்துவிட்டால் மாம்பலம், மாமி, கட்டில் எல்லாம் என் பாடு. நீ நிம்மதியாக நிழலில் உட்காரலாம். கனவு வந்ததா?

ஷரீஃப்


மயிலாப்பூர்,
8 அக்டோபர் 1934

அருமைத் தம்பிக்கு, துஆவுடன் ஆபா எழுதுவது. இங்கே யாவரும் சுகம்.

கனவு வந்தது. போன வியாழன் இரவு வந்தது. கண்டதை அப்படியே எழுதுகிறேன்.

நம் கடற்கரை. விடிந்த வெளிச்சம் இருக்கிறது, ஆனால் சூரியன் எங்கும் இல்லை. மௌத்தான நம் அம்மா மணலில் உட்கார்ந்திருக்கிறாள், நீ கப்பலேறிய வருஷம் உடுத்தியிருந்த அதே பச்சைப் புடவை. அவள் மடியில் இலவம் பஞ்சு மூட்டை ஒன்று. முடிச்சை அவிழ்க்கிறாள். அவிழ்த்த உடனே பஞ்சு எழும்பிப் பறக்கிறது. ஒரு பிசிறுகூட ஊர்ப்பக்கம் வரவில்லை, எல்லாம் கிழக்கே கடல்மேல் போகிறது. போகப் போக ஒவ்வொரு பிசிறும் ஒரு சின்னப் பாய்மரமாகிறது. "அம்மா, வீணாகப் போகிறதே" என்கிறேன். அவள் சிரித்துக்கொண்டு, "போகட்டும் ஜமீலா, எங்கே தங்கவேண்டுமோ அங்கே போய்த் தங்கும்" என்கிறாள். அவ்வளவுதான். விழித்துப் பார்த்தால் சுபுஹு பாங்கு கேட்கிறது.

இதற்கு நான் அர்த்தம் சொல்லவேண்டியதில்லை. கிழக்கே எது இருக்கிறது என்று உனக்கே தெரியும். முதலாளிக்குச் சம்மதம் சொல்லிவிடு. பெண்ணைப் பற்றி நன்றாக விசாரித்துக்கொள்.

பாவாவுக்கும் கனவைச் சொன்னேன். "இலவமா? பருத்தியா?" என்று கேட்டார். இலவம்தான் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அதையே கேட்டார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மகன் வரமாட்டான் என்றால் தகப்பனுக்கு வருத்தம் இருக்கத்தானே செய்யும்? நாளாவட்டத்தில் சரியாகிவிடும்.

உன் ஆபா ஜமீலுன்னிசா


மயிலாப்பூர்,
15 நவம்பர் 1934

தம்பி ஷரீஃபுக்கு ஆபாவின் துஆ. நீ சுகம்தானே? என் கடிதத்துக்கு ஒரு மாதத்துக்கு மேலாகியும் பதில் இல்லை. இரண்டு கப்பல் வந்துவிட்டது என்று தபால்காரரே எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போகிறார்.

இங்கே அடைமழை. பஞ்சு காயவில்லை, தொட்டால் நாய்க்குட்டி மூக்கு மாதிரி ஜில்லென்று இருக்கிறது. மாம்பலத்தில் பனகல் பூங்காவுக்குப் பக்கத்து வீடுகளில் வாசல்படி வரை தண்ணீர். ஏரி தன் வீட்டைப் பார்க்க வந்திருக்கிறது என்று ஜானு மாமி சொல்லிச் சிரித்தாள். இப்போது அவளுக்குப் பயம் இல்லை.

பாவா போர்டு ஒன்று எழுதி வாங்கிவிட்டார். பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்து: "மெஹபூப் பாஷா அண்டு சன், மெத்தை வியாபாரம்." என் கனவைக் கேட்டுவிட்டுத்தான் எழுதி வாங்கியிருக்கிறார், பார். அவர் படுத்திருக்கும் மெத்தையிலிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி சுவரில் சாய்த்து வைக்கச் சொன்னார். நான் உட்கார்ந்து தைக்கிற இடத்துக்கு நேர் எதிரே அது நிற்கிறது. நாள் முழுவதும் அதைப் படித்துக்கொண்டே தைக்கிறேன்.

ஆமாம், இல்லை, ஏதாவது ஒன்று எழுது.

ஆபா


பினாங்கு,
1 டிசம்பர் 1934

அன்புள்ள ஆபாவுக்கு ஸலாம். தாமதத்தை மன்னித்துவிடு. உடம்புக்கு ஒன்றுமில்லை. என்ன எழுதுவது என்று தெரியாமல் நாலு தடவை எழுதிக் கிழித்தேன்.

உன் கனவை இங்கே பள்ளிவாசல் இமாமிடம் சொன்னேன். வயதானவர், கொஞ்சம் சிடுசிடுப்பு. "கனவு வந்தாக வேண்டும் என்று உனக்கு யார் சொன்னது? இஸ்திகாரா நல்லதைக் கேட்கிற தொழுகை. அது தூக்க மருந்து அல்ல. கேட்ட பிறகு உன் மனது எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்" என்றார். வெளியே வந்து கடலைப் பார்த்து நின்றேன். சாயங்கால மழைக்கு முன்னால் இந்த ஊர் மலை அப்படியே கரைந்து காணாமற்போய்விடும். இருக்கிறதா இல்லையா என்று தெரியாது. என் மனதும் அப்படித்தான் இருந்தது.

முதலாளியிடம் நோன்பு முடியட்டும் என்று தவணை வாங்கியிருக்கிறேன். கனவு போதும் ஆபா. உனக்கு என்ன தோன்றுகிறது? நான் வரவேண்டுமா, வேண்டாமா?

பாவாவின் இருமலைப் பற்றிக் கேட்டிருந்தேன், நீ எழுதவில்லை. "படுத்திருக்கும் மெத்தை" என்று எழுதியிருக்கிறாய். பகலில் அவர் ஏன் படுத்திருக்கிறார்?

ஷரீஃப்


மயிலாப்பூர்,
20 டிசம்பர் 1934

தம்பிக்கு ஆபாவின் துஆ. நோன்பு நல்லபடியாகப் போகிறதா? ஸஹருக்கு வெறும் தேநீரைக் குடித்துவிட்டு நோன்பு வைக்காதே.

எனக்குத் தோன்றுவதை எழுதச் சொன்னாய். எனக்கு என்ன தோன்றும்? நீ கெட்டிக்காரன், எங்கே இருந்தாலும் பிழைப்பாய். ஒன்று மட்டும் சொல்கிறேன். ஷகீலாவின் மனதில் என்ன இருக்கிறது என்று அவளிடமே யாரையாவது விட்டுக் கேட்கச் சொல். என் கல்யாணத்துக்கு முன் என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன், அவர் நல்ல மனிதர்தான். ஆனாலும் கேட்டிருக்கலாம்.

நான் வந்தால் நீ நிழலில் உட்காரலாம் என்று எழுதியிருந்தாய். தம்பி அன்பாகச் சொன்னதற்கு நான் பதிலே எழுதவில்லை. மன்னித்துக்கொள்.

மழை விட்டுவிட்டது. மாம்பலத்தில் மூன்று வீட்டு வேலை ஒன்றாக வந்திருக்கிறது. ஒரு வீட்டில் சோபாவுக்குப் பஞ்சு வைக்கமுடியுமா என்று கேட்டார்கள். அதெல்லாம் எனக்குத் தெரியாது, ஆனால் முடியும் என்று சொல்லிவிட்டேன்! வண்டியில் திரும்பும்போது இதை முருகையனிடம் சொன்னேன். "நீ வாயத் தொறந்து சொல்லிக்கினு வந்துட்டல்ல, கை தானா கத்துக்கும் போ" என்றான்.

பாவா இந்த வருஷம் நோன்பு வைக்கவில்லை. வயதாகிவிட்டது.

ஆபா


மயிலாப்பூர்,
2 ஜனவரி 1935

(ஸ்ரீமான் மெஹபூப் பாஷா அவர்கள் சொல்லச் சொல்ல, பக்கத்து வீட்டு அனந்தராமன் எழுதுகிறேன். பேசியபடியே எழுதவேண்டும் என்கிறார். திருத்தினால் கோபிக்கிறார்.)

பேட்டா ஷரீஃப், நல்லா கீறியா? ஜமீலா மாம்பலம் போய்க்கீறா, அதான் சாரைக் கூப்ட்டு எழுதச் சொல்றேன். அவளுக்குத் தெரியாது.

ஆடி மாசத்துலேருந்து நான் படுக்கையில கீறேன். பஞ்சுத் தூசி நெஞ்சுல பூந்து உக்காந்துக்கினு எழுந்திரிக்கமாட்டேங்குது. இனிமே வில்லைத் தொடாதேன்னுட்டார் டாக்டர். அடிக்கிறது, தைக்கிறது, கொண்டுபோய்ப் போடறது எல்லாம் அவதான். உனக்கு எழுதாதேன்னு முதல்ல நான்தான் சொன்னேன். அப்புறம் நானே அவகிட்ட எழுதுன்னு சொன்னேன். அவ எழுதலைன்னு உன் லெட்டரைப் பாத்தா தெரியுது.

அந்தக் கனவு இருக்குதே, அது பொய். உங்கம்மா இலவம் பிரிக்கசொல்ல இன்னா பண்ணுவா? கதவைச் சாத்துவா, ஜன்னலைச் சாத்துவா, எவனாச்சும் தும்முனா தெருவுக்குத் தொரத்துவா. அவ போய், காத்தடிக்கிற கடலோரத்துல இலவ மூட்டையை அவுப்பாளா? கனவுல கூட அவுக்கமாட்டா! பருத்தின்னு சொல்லிருந்தா நம்பிருப்பேன். ரெண்டு தபா கேட்டேன், மாத்திக்கட்டும்னு. மாத்திக்கல. பொய் சொல்லிப் பழக்கம் இல்லாதவ.

எனக்கு மொதல்ல கோவம்தான். அந்தக் கோவத்துலதான் போர்டு எழுதுனேன். அப்புறம் படுத்துக்கினே யோசிச்சேன். முப்பது வயசு வரைக்கும் எங்கிட்ட ஒரு வளையலுக்குக்கூட வாயத் தொறக்காதவ, இன்னாத்துக்கு இம்மாம் பெரிய பொய் சொல்றா? ஒரு நாள் அடுத்த ரூம்ல வில்லு சத்தம் கேட்டுது. கூடவே பாட்டு. ஜமீலா பாடறா பேட்டா. புருசன் போனப்புறம் அவ பாடி நான் கேட்டதில்ல. எழுந்துபோய்ப் பாத்தா நிறுத்திடுவான்னு அப்டியே படுத்துக்கினு இருந்தேன்.

நீ வா. என்னைப் பாக்க வா, கடைக்காக வராதே. 'கடை உனக்குத்தான் ஜமீலா'ன்னு நானா அவகிட்ட சொல்லமாட்டேன். சொன்னா அது நான் போட்ட பிச்சையா பூடும். அவ வாயால கேக்கட்டும். எப்டி கேக்க வைக்கறதுன்னு எனக்குத் தெரியல. நீ படிச்சவன்.

சார், போதும், மூச்சு வாங்குது.


மயிலாப்பூர்,
10 ஜனவரி 1935

தம்பி ஷரீஃபுக்கு ஆபா எழுதுவது. பெருநாள் வாழ்த்து.

பெருநாளன்று பாவா புது வேஷ்டி கட்டிக்கொண்டு பள்ளிவாசலுக்குப் புறப்பட்டார். தெருமுனை வரைகூடப் போகமுடியவில்லை. முருகையன் குழந்தையைப்போல் தூக்கிவந்து படுக்கவைத்தான். இனியும் உனக்கு மறைத்தால் எனக்கு மன்னிப்பே கிடையாது.

ஆறு மாதமாக அவருக்கு உடம்பு சரியில்லை. கொஞ்சம் இருமல் என்று எழுதியது பொய். உனக்கு எழுது என்று அவர் சொன்ன பிறகும் நான் எழுதவில்லை. இன்னொன்றும் உண்டு. கனவு வரவில்லை, ஷரீஃப். தொழுதேன், படுத்தேன், பகலெல்லாம் வேலை செய்த உடம்பு அடித்துப்போட்ட மாதிரி தூங்கியது. காணாத கனவைக் கண்டேன் என்று சொல்வது எவ்வளவு பெரிய பாவம் என்று அம்மா நமக்குச் சொல்லித்தந்திருக்கிறாள். அந்த அம்மாவையே இழுத்துக் கடற்கரையில் உட்காரவைத்தேன். அன்றிலிருந்து அவள் முகம் என் நினைவில் சரியாகவே வரமாட்டேன் என்கிறது. அது எனக்குத் தாங்கவில்லை.

உன் நன்மைக்காகத்தான் அப்படிச் செய்தேன். நல்ல இடம், நல்ல பெண், அதை விட்டுவிட்டு வந்துவிடப்போகிறாயே என்றுதான்.

நீ வந்துவிடு. போர்டு தயாராக இருக்கிறது. கடை உன்னுடையது. மாம்பலத்து வீடுகளின் அளவுகளையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிவைத்திருக்கிறேன். எந்தக் கட்டில் எந்த அறையில், யாருக்கு முதுகுவலி, யாருக்கு எவ்வளவு உயரத் தலையணை, எல்லாம் அதில் இருக்கிறது. நீ பார்த்துச் செய்யலாம்.

உன் ஜமீலா


பினாங்கு,
28 ஜனவரி 1935

என் உயிருக்குயிரான ஆபாவுக்கு, ஆயிரம் ஸலாம். அழாதே. நீ அழுதுகொண்டுதான் எழுதினாய் என்று மை சொல்கிறது.

கப்பலுக்குச் சீட்டு எடுத்துவிட்டேன். மார்ச்சு மாதம் பத்தாம் தேதி வாக்கில் சென்னையில் இறங்குவேன், பக்ரீதுக்கு முன்னால். ஆறு வாரம் பாவாவின் காலடியில் இருப்பேன். பாவாவின் நிலைமை எனக்கு முன்பே தெரியும், அவரே எழுத வைத்து அனுப்பினார். கனவு பொய் என்று அவருக்கும் தெரியும். அம்மா காற்றில் இலவம் பிரிக்கமாட்டாள் என்கிறார். அதைப் படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் பட்டறையே திரும்பிப் பார்த்தது. சிரித்து முடிக்கும்போது கண்ணில் தண்ணீர்.

ஆனால் கனவு பொய் என்று தெரிந்துகொள்ள எனக்கு இலவம் வேண்டியிருக்கவில்லை. கடிதம் பிரித்த அன்றே தெரியும். உனக்கு அந்த ஆடு நினைவிருக்கிறதா? அறுத்துவிடுவார்களே என்று நான்தான் அதை அவிழ்த்துக்கொண்டுபோய் மதிலுக்குப் பின்னால் கட்டினேன். ஆறு வயது. பயம் தாங்காமல், தூங்கிக்கொண்டிருந்த உன் காதில் சொன்னேன். காலையில் நீ எழுந்து, கனவு கண்டேன் என்று பாவாவிடம் சொன்னாய். என் முதுகு தப்பியது. பல வருஷம் நான் அதை அற்புதம் என்றே நம்பினேன். இங்கே வந்து தனியாகப் படுத்திருந்த ஒரு நாள்தான் உறைத்தது, நீ அன்று தூங்கவே இல்லை.

உனக்குக் கனவு வராது ஆபா. அடுத்தவரைக் காப்பாற்றவேண்டுமானால்தான் உனக்குக் கனவு வரும். இந்தத் தடவை யாரைக் காப்பாற்றக் கண்டாய்? என் நன்மைக்காக என்கிறாய். பாதி உண்மை. மீதியையும் எழுது.

நானும் யோக்கியன் இல்லை. எனக்கு இங்கேயே இருக்க ஆசை. ஷகீலாவைக் கேட்கச் சொன்னாயே, கேட்கச் சொன்னேன். "மயிலாப்பூரில் உங்கள் ஆபா வண்டியில் போய் அளவெடுப்பார்களாமே, நான் அவர்களைப் பார்க்கவேண்டும்" என்று பதில் வந்தது. எனக்கு அவளைப் பிடித்திருக்கிறது. பாவாவிடம் அதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. கனவின் வாயால் நீ சொல்லட்டும் என்று உன்னைத் தூங்கச் சொன்னேன். ஆளுக்கு ஒரு பக்கம் உன் தூக்கத்தைப் போர்த்திக்கொண்டு ஒளிந்திருக்கிறோம்.

முதலாளிக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. நீ தளர்ந்துவிட்டாய், தம்பி வந்தால் தேவலை என்று எழுதினால் நிஜமாகவே வந்துவிடுவேன், முகம் சுளிக்கமாட்டேன். வேறு ஏதாவது என்றால் அதை எழுது. நான் கப்பலேறும் முன் உன் பதில் வந்துவிடும். கனவு என்று சொல்லாமல் எழுது. பக்ரீதுக்கு ஆடு வாங்கினால் நல்ல கயிறாகப் போட்டுக் கட்டு.

உன் ஷரீஃப்


மயிலாப்பூர்,
9 பிப்ரவரி 1935

தம்பி ஷரீஃபுக்கு ஆபாவின் துஆ. நாங்கள் சுகம் என்று எழுதமாட்டேன். பாவாவுக்கு மூச்சு வாங்குகிறது, ஆனால் நேற்று இரண்டு இட்லி சாப்பிட்டார். எனக்கு முதுகு வலிக்கிறது. மற்றபடி நன்றாக இருக்கிறேன்.

உன் கடிதத்தை பாவாவுக்குப் படித்துக் காட்டினேன். ஆடு வரைக்கும் படித்தேன். "இவன்தானா!" என்று இருபது வருஷம் கழித்து உன்னைத் திட்டினார், இருமல் வரும்வரை திட்டினார். மிச்சத் திட்டு நீ வந்ததும் இருக்கிறது. பிறகு அந்த 'அண்டு சன்' போர்டைக் காட்டி, "அதைப் படுக்க வைச்சா துணி வெட்ட நல்ல மட்டமா இருக்கும், இல்ல?" என்றார். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு, வாசல் திண்ணையில் இதை எழுத உட்கார்ந்தேன்.

வரும்போது மோட்டார் ஸீட்டு தைக்கிற வளைந்த ஊசி அரை டஜன் கொண்டுவா. சோபா தைக்க நேர் ஊசி உதவவில்லை, விரலெல்லாம் குத்து. இருக்கிற ஆறு வாரத்தில் எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போ. ஷகீலாவுக்கு என் அன்பு. அடுத்த தடவை அவளையும் கூட்டிவா.

முதலாளியிடம் சம்மதம் சொல்லிவிடு.

எனக்குக் கடை வேண்டும், ஷரீஃப். மாம்பலத்துக் கடை. உனக்காக இல்லை, பாவாவுக்காக இல்லை, எனக்கு வேண்டும். இந்தக் கடிதத்தை மடித்ததும் உள்ளே போய் பாவாவிடமும் இதையே சொல்லப்போகிறேன்.

இது கனவு இல்லை. பகல் பதினோரு மணி, வாசலில் முருகையன் மாட்டைப் பூட்டிக்கொண்டு கூப்பிடுகிறான், நான் விழித்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

ஜமீலுன்னிசா